குறுக்கே நின்ற தொட்டி

எங்கள் வீட்டில் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய அறை ஒன்றே ஒன்றுதான், குளியலறை. மதியம் அம்மா கண்ணயர்ந்ததும் நான் அங்கே போய், காய்ந்து கிடக்கும் தொட்டிக்குள் காலை நீட்டி உட்காருவேன். யாரும் தேட மாட்டார்கள். எனக்கு வயிறு சரியில்லை என்று அப்பா நெடுநாளாக நம்பிக்கொண்டிருந்தார். நானும் திருத்தவில்லை.

அந்த இரும்புத் தொட்டி நாங்கள் குடிவருவதற்கு முன்பே அங்கே இருந்தது. அதன் விளிம்பு என் முழங்காலுக்கு மேலே வரும். அம்மாவை அந்த விளிம்பைத் தாண்ட வைப்பதிலேயே என் காலைப்பொழுது கழிந்துவிடும். அம்மாவுக்கு இடது கையும் காலும் விழுந்துபோனதிலிருந்து அப்படித்தான். முதலில் விளிம்பில் துண்டை மடித்துப் போட்டு அவளை உட்கார வைக்க வேண்டும். அவளுடைய வலது கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்து, தொட்டிக்குள் இருக்கும் பிளாஸ்டிக் முக்காலியில் இறக்க வேண்டும். குளித்து முடிந்ததும் இதையே திருப்பிச் செய்ய வேண்டும், ஈர உடம்போடு.

"போறப்ப மூட்டை, வர்றப்ப மீனு" என்பாள் அம்மா. சிரிப்பாள். சிரித்தால் இன்னும் கனமாகிவிடுவாள்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. எந்த முடிவானாலும் ராத்திரிச் சாப்பாட்டில்தான். அப்பா ஒரு விஷயத்தைச் சொல்வார். தட்டுகள் கழுவப் போகும் வரை யாரும் மறுத்துப் பேசாவிட்டால் அது தீர்மானமாகிவிடும். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, "பாப்பா கொஞ்ச நாளைக்கு ஸ்கூலுக்குப் போகாம வீட்ல இருக்கட்டும்" என்றார். நான் தட்டுகளை அடுக்கினேன். தட்டு கழுவியாயிற்று. கொஞ்ச நாள் என்பது எத்தனை நாள் என்று பிறகு எந்தச் சாப்பாட்டிலும் பேச்சு வரவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எங்கே லிஃப்ட் பாதியில் நின்றாலும் அவருக்குத்தான் போன் வரும். உள்ளே மாட்டிக்கொண்டவர்களோடு கதவு வழியாகப் பேசிப் பேசி அவருக்கு ஒரு தனிக்குரலே வந்துவிட்டது. ஆனால் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மாடிப்படிதான். அம்மா கீழே இறங்கிப் பல காலம் ஆகிறது.

தொட்டியின் அடியில் ஓட்டை விழுந்து கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும்தான் குளியலறையில் வேலை வைக்க வேண்டியதாயிற்று. டைல்ஸ்காரர் வந்து பழைய தொட்டியைச் சம்மட்டியால் உடைத்துத் துண்டு துண்டாக இறக்கினார். பிறகு வெறும் தரையில் நின்றுகொண்டு கேட்டார்.

"மறுபடியும் பாத்டப்பா, இல்ல நேரா நடந்து போய்க் குளிக்கிற மாதிரி ஷவரா? இப்பவே சொல்லிடுங்க சார். ரெண்டுக்கும் தண்ணி போற வழி வேற வேற. அப்புறம் மாத்தினா கடப்பாரையும் கையுமா நான் இங்கயே குடியிருக்க வேண்டியதுதான்."

அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பிசியோதெரபி அக்கா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். தரை மட்டத்தில் ஷவர் போட்டு, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பியும் உட்காருவதற்கு மடக்குப் பலகையும் வைத்தால் அம்மா யாருடைய உதவியும் இல்லாமல் குளிக்கலாம். அதைத்தான் அன்று ராத்திரி அப்பா எடுத்துச் சொன்னார்.

"ஷவரே போட்டுடலாம். சக்கர நாற்காலியை உள்ளேயே தள்ளிட்டுப் போயிடலாம். பாப்பாவுக்கும் இடுப்பு ஒடியாது."

அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். நான் எழுந்து எல்லார் தட்டையும் வாங்கிக்கொண்டு போய்க் கழுவிவிட்டேன். அப்பா தட்டில் இன்னும் ஒரு வாய் மிச்சம் இருந்தது.

என் அவசரத்துக்குக் காரணம் தெருக்கோடியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கடை. அம்மாவின் கண்ணாடியைச் சரிசெய்யப் போனபோது, பின்னறையில் லென்சைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்க்கும் இயந்திரத்தை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அக்கா ஒரு லென்சைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாள். தேய்த்தேன். சட்டத்தில் பொருத்தினாள். கச்சிதமாக உட்கார்ந்தது.

"வேலைக்கு வர்றியா?" என்றாள். "முன்னாடி நின்னு யார்கிட்டயும் பேச வேண்டியதில்லை. பின்னாடி உக்காந்து தேய்ச்சாப் போதும். ஆனா காலையில கடை திறக்கறப்பவே வந்துடணும்."

காலையில் வரமுடியாது, அம்மாவைக் குளிப்பாட்ட வேண்டும் என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவள் பொறுமையாகக் கேட்டாள். குளியலறை வேலை நடக்கப்போவதைச் சொன்னதும், "சரி, அது முடிஞ்சதும் வா. அது வரைக்கும் வேற ஆள் எடுக்கல" என்றாள்.

ஆகவே எனக்கு ஷவர் என்றால் அந்தப் பின்னறை. அது வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவ்வளவும் கூடிவந்த நேரத்தில்தான் அத்தை வந்தாள்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. பெரிய ஓட்டல் ஒன்றில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர். கீழே ஒரு சின்ன லாரி வந்து நின்றது. அதன் முன்சீட்டிலிருந்து அத்தை தெருவே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"டேய் தம்பி! கீழ வாடா! ஒரு சீமாட்டியைக் கூட்டிட்டு வந்திருக்கேன்!"

சீமாட்டி ஒரு வெள்ளைக் குளியல் தொட்டி. ஓட்டல் போர்வைகளைச் சுற்றி, கைக்குழந்தையைப் போலப் படுக்க வைத்திருந்தாள். எல்லா அறைகளிலும் தொட்டியைப் பிடுங்கிவிட்டு ஷவர் வைக்கிறார்களாம். ஒன்றைக் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

"அவங்களே வேணாம்னு தூக்கிப் போட்டதுக்கா?" என்றார் அப்பா.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காதடா. காலம் பூரா அடுத்தவன் ஊறின தொட்டியைக் குனிஞ்சு குனிஞ்சு தேய்ச்சிருக்கேன். ஒரு நாள் நான் கால் வெச்சதில்லை. நம்ம வீட்ல ஒருத்தியாவது ராணி மாதிரி ஊறட்டும்."

அதைச் சொல்லும்போது அத்தையின் கண் கலங்கியது. அப்பா அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா அன்று ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னாள். "எனக்குத் தொட்டிதான் வேணும். வெந்நீர்ல ஊறினாத்தான் கால் விறைப்பு விடுது."

சொல்லும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை. தண்ணீர்ச் செம்பைப் பார்த்துச் சொன்னாள். இன்றைக்குப் பேசியே ஆகவேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

"என்னடி ஊமைக்கோட்டான், கொட்டாவியா? தூக்கம் வந்தா போய்ப் படு" என்றாள் அத்தை. என் தட்டையும் சேர்த்து அவளே எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள்.

மறுநாள் அப்பா கதவைக் கீல்களிலிருந்து கழற்றி வைத்துவிட்டு, நிலைச்சட்டத்தை அளந்தார். பிறகு தொட்டியை விளிம்புக்கு விளிம்பு அளந்தார்.

"நுழையுமா சார்?" என்றார் டைல்ஸ்காரர். "இல்லேன்னா முதல்ல நிலையை எடுத்துடலாம்."

"யார்கிட்ட? லிஃப்ட் கதவுல ஒரு நூல் பிசகினா ஆள் அந்தரத்துல தொங்கணும். என் அளவு தப்பாது."

தொட்டியின் அடியில் இரும்புக் கால்கள் இருந்தன. அதில் ஒன்று விளிம்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போர்வை மூடியிருந்ததால் அப்பாவுக்குத் தெரியவில்லை. நான் போர்வையை விலக்கிக் காட்டப் போனேன். அத்தை என் கையில் பட்டென்று ஒன்று வைத்தாள்.

"கலைக்காதடி, கீறல் விழுந்துடும்!"

தொட்டியை ஒருக்களித்துத் தூக்கினார்கள். உள்ளேயிருந்து ஒருவர் பிடித்து இழுக்க வேண்டும் என்றார் டைல்ஸ்காரர். இருக்கிறவர்களில் ஒல்லி நான்தான். உள்ளே போய் நின்றேன். வெளியே அப்பாவும் டைல்ஸ்காரரும் தள்ளினார்கள். அத்தை பிரசவம் பார்ப்பவளைப் போல, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்" என்றாள். முக்கால்வாசி வந்துவிட்டது. அப்போது டக்கென்று ஒரு சத்தம் கேட்டது.

நீட்டிக்கொண்டிருந்த அந்த இரும்புக் கால் நிலையைத் தாண்டி உள்பக்கம் வந்து, தாழ்ப்பாள் விழுந்த மாதிரி சட்டத்தில் மாட்டிக்கொண்டது. முன்முனை உள்ளே இருந்த கழிவறைக் கோப்பையில் முட்டி நின்றது. தள்ளினாலும் வரவில்லை, இழுத்தாலும் போகவில்லை. மேலே ஒரு சாண் வெளிச்சம். விளிம்பு வளைகிற இடத்தில், இடுப்பு உயரத்தில், ஒரு கை மட்டும் நுழையும் சந்து. சுவரில் உயரத்தில் இருந்த காற்றுப் போகும் சன்னலில் புறாகூட நுழையாது.

வெளியே அப்பாவின் லிஃப்ட் குரல் கேட்டது.

"உள்ள இருக்கறவங்க யாரும் பதறாதீங்க. காத்து வந்துட்டுதான் இருக்கும். நீங்களா திறக்க முயற்சி பண்ணாதீங்க."

"யாருக்குடா 'ங்க' போடறே? உன் பொண்ணுடா உள்ள இருக்கா!" என்றாள் அத்தை.

டைல்ஸ்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார். "ரெண்டே வழிதான் சார். நிலையை உடைச்சு சுவத்தைக் கொஞ்சம் கொத்தினா தொட்டி தப்பிக்கும். தொட்டியை அறுத்தா நிலை தப்பிக்கும். எதுவானாலும் அறுக்கற மெஷின் வேணும். அது வேற ஒரு வீட்ல கிடக்கு. போய் எடுத்துட்டு வந்துடறேன்."

அவர் போனார். அப்பா வெளியே தரையில் உட்கார்ந்து எனக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. எங்கோ ஓர் அலுவலகத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே ஆட்கள். ஒருவருக்கு மூச்சுத் திணறுகிறதாம்.

"பாப்பா..." என்றார். "உனக்குத் தண்ணியாச்சும் இருக்கு. அவங்களுக்கு அதுவும் இல்லம்மா."

"போயிட்டு வாங்கப்பா" என்றேன்.

அப்பா படியிறங்கும் சத்தம் தேய்ந்து மறைந்தது. நான் கவிழ்ந்து கிடந்த சிமெண்ட் வாளியின் மேல் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் தொட்டியின் உள்பக்கம் வெள்ளைச் சுவராக எழுந்து நின்றது. பயமாக இருந்தது. கூடவே இன்னொன்றும் இருந்தது. வெளியே அம்மா, "ஏண்டி, தண்ணி கொண்டா" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். அத்தை எழுந்து போய்க் கொடுத்தாள். அம்மாவின் கண்ணாடியை அத்தை தேடினாள். காலுக்குத் தலையணையை அத்தை வைத்தாள். என்னை யாராலும் எதுவும் கேட்க முடியவில்லை. மாட்டிக்கொண்ட இடத்தில் எனக்கு அப்படி ஓர் ஓய்வு கிடைத்தது. அதை நினைத்தபோதுதான் அழுகை வந்தது.

கொஞ்ச நேரத்தில் அம்மா மெல்லச் சொன்னாள். "அண்ணி, எனக்கு பாத்ரூம் போகணும்."

வீட்டில் இருந்த ஒரே கழிப்பறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"எதிர்வீட்ல கூட்டிட்டுப் போறேன், வா. என்ன பெரிய விஷயம்? ஓட்டல்ல நான் தூக்காத மெத்தையா?" என்றாள் அத்தை.

பிறகு நான் காதால்தான் பார்த்தேன். சக்கர நாற்காலி நகர்ந்தது. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அவர்கள் வீட்டுக் கழிப்பறை வாசலில் உயரமான ஒரு படி உண்டு. எனக்குத் தெரியும். நாற்காலி அங்கேயே நின்றது.

"எந்திரிம்மா... அப்படித்தான்... ஐயோ, கழுத்தை விடு, கழுத்தை விடு! மூச்சு முட்டுது!"

"நீங்க வலது பக்கம் நிக்கறீங்க அண்ணி!"

"எந்தப் பக்கம் நின்னா என்ன, நீ சாயறது என் மேலதானே!"

என்னையறியாமல் எழுந்து, தொட்டியில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கத்தினேன். "அத்தை! இடது பக்கம் போங்க! முதல்ல நாற்காலிக்கு பிரேக் போடுங்க! அக்குள்ல கை குடுக்காதீங்க, இடுப்புல பெல்ட் இருக்கு, அதைப் பிடிங்க! உங்க முழங்காலை அம்மாவோட இடது முழங்காலுக்கு முட்டுக் குடுங்க!"

தொட்டியின் குழிவுக்குள் என் குரல் மோதி, எனக்கே பெரிதாகத் திரும்பி வந்தது. யாரோ ஒரு பெரிய மனுஷி பேசுகிற மாதிரி.

"யாருடி அது?" என்றாள் அத்தை.

"எம்பொண்ணு" என்றாள் அம்மா.

திரும்பி வந்ததும் அத்தை கூடத்துத் தரையில் படுத்துவிட்டாள். அவளுடைய வளையல்கள் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"என் இடுப்பு போச்சு. போயே போச்சு. ஏண்டி, தினமும் இதையா பண்றே? ஒரு நாளைக்கு எத்தனை தடவை? இதுல தொட்டி விளிம்பு வேற தாண்டணுமா? ஏன் யாரும் என்கிட்ட சொல்லல?"

சக்கர நாற்காலி மெதுவாகக் குளியலறைப் பக்கம் வந்தது. அம்மா ஒற்றைக் கையால் தள்ளினால் நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். முட்டி, திரும்பி, முட்டி வந்து சேர்ந்தாள். சந்தில் வெளிச்சம் மறைந்தது.

"இருக்கியா?"

"எங்கம்மா போவேன்?"

அம்மா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"கண்ணாடிக்கடைக்காரி போன் பண்ணினா. நீ மொட்டை மாடில துணி காயப்போடப் போயிருந்தே. 'உங்க பொண்ணு எப்ப வேலைக்கு வர்றா'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"பாத்ரூம் வேலை முடியட்டும்னேன். போனை வெச்சுட்டு ராத்திரி பூரா யோசிச்சேன். விடிஞ்சு பாத்தா, உங்க அத்தை தொட்டியோட வந்து நிக்கறா. தெய்வமாப் பாத்து அனுப்பிச்சதுன்னு நெனச்சுக்கிட்டேன்."

"கால் விறைப்புன்னு சொன்னியே?"

"கால் மரக்கட்டையாட்டம் கிடக்கு. அதுக்கு வெந்நீர் என்ன, பச்சைத்தண்ணி என்ன?" அம்மாவின் குரல் இறங்கியது. "தொட்டின்னா தூக்கி வைக்க ஆள் வேணும். ஷவர்னா ஆளே வேணாம்னு பிசியோ பொண்ணு பெருமையாச் சொன்னா பாரு, எனக்குப் பகீர்னுது. ஆள் வேணாம்னு ஆயிட்டா, அப்புறம் என்கிட்ட யாருடி வருவா? உங்கப்பா ஊரான் லிஃப்டைத் திறக்கப் போயிடுவாரு. நீ கடைக்குப் போயிடுவே. நான் இந்த ஜன்னலையும் செவுத்தையும் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். எனக்குப் படி இறங்கவும் முடியாது."

அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. என் முகமும் அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் நான் வழக்கம்போல எழுந்துபோய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவியிருப்பேன். நெற்றியைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது.

"அம்மா, எனக்குத் தொட்டி வேணாம்."

தொட்டியை இன்னும் நெருங்கிக்கொண்டேன்.

"எனக்கு வெளிய போகணும். சாயந்திரம் திரும்பி வந்துடுவேன். உன்கிட்டதான் வருவேன், வேற எங்க போவேன்? ஆனா காலையில நான் போகணும்மா. தினமும் போகணும்."

தொட்டி அதை வாங்கி, பெரிதாக்கி, திருப்பிச் சொன்னது. 'போகணும்' என்பது கடைசியாகக் கேட்டது.

கூடத்துத் தரையிலிருந்து அத்தை முனகினாள். "கேட்டுடுச்சு தாயே. எதிர்வீட்டுக்கே கேட்டுடுச்சு."

சந்து வழியாக அம்மாவின் வலது கை உள்ளே வந்தது. தடவித் தடவி என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. சரி என்று சொல்லவில்லை. கூடாது என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருப்பது இவ்வளவு நாளும் என் வேலையாகத்தான் இருந்தது. எதிராளி பேசாமல் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. கழுவுவதற்குத் தட்டும் இல்லை.

முதலில் டைல்ஸ்காரர் மெஷினோடு வந்தார். பின்னாலேயே அப்பா மூச்சு வாங்க ஏறி வந்தார்.

"அங்க எல்லாரும் வெளிய வந்துட்டாங்க பாப்பா" என்றார், அது எனக்கு ஆறுதல் என்பதைப் போல. பிறகு டைல்ஸ்காரரிடம் சொன்னார். "நிலையை உடைச்சுடுங்க. அக்கா ஆசையாக் கொண்டாந்தது. தொட்டியைக் காப்பாத்திடலாம்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார். தொட்டி உள்ள போயிட்டா அப்புறம் வெளிய எடுக்க முடியாது."

என் விரல்களைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் பேசியாயிற்று. இனி எனக்குள் வேறு சொல் மிச்சமில்லை. மெஷினின் ஒயரை டைல்ஸ்காரர் தரையில் இழுத்துக்கொண்டு போகும் சத்தம், பிளக் செருகும் சத்தம், அப்பா நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கும் சத்தம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. அம்மாவின் கை சந்திலிருந்து உருவிக்கொண்டு போயிற்று.

"தொட்டியை அறுங்க" என்றாள் அம்மா.

"என்னது?" என்றார் அப்பா.

"காது கேக்கலையா? தொட்டியை அறுங்க. நிலையை அப்புறம் நிதானமா எடுத்து, நாற்காலி போற அளவுக்கு அகலமா வைங்க. எனக்கு ஷவர் போதும்."

"என் தொட்டிடீ!" என்று அத்தை அலறினாள். எழுந்திருக்கப் பார்த்து, "ஐயோ, இடுப்பு" என்று மறுபடியும் படுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அறுக்கறதுக்கு முன்னாடி அந்தப் போர்வையை எடுத்துடுங்கடா. நல்ல போர்வை" என்றாள்.

மெஷின் இறங்கியது. பல்லை நறநறவென்று கடிக்கிற மாதிரி ஒரு சத்தம். எரிந்த வாடை. வெள்ளைப் பொடி மழையாகக் கொட்டியது. துண்டால் தலையை மூடிக்கொண்டு மூலையில் ஒண்டினேன். வெள்ளைச் சுவரில் கோடாக வெளிச்சம் விழுந்தது. கோடு நீண்டு, வளைந்து, ஒரு பாதி தடாலென்று வெளிப்பக்கம் சாய்ந்தது. அப்பாவின் கை உள்ளே வந்தது.

"மாவுல விழுந்த எலி மாதிரி இருக்கே" என்றாள் அம்மா என்னைப் பார்த்து. அவளுடைய கண் சிவந்திருந்தது. தூசியாகவும் இருக்கலாம்.

அந்தத் தொட்டியின் பாதி இப்போது மொட்டை மாடியில் கிடக்கிறது. அறுத்த பக்கம் மேலே இருக்கும்படி செங்கல் கொடுத்துச் சாய்த்து வைத்தால், கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அத்தை வந்தால் அதில் வெந்நீர் ஊற்றிக் காலை வைத்துக்கொண்டு, "கொலைகாரிங்களா" என்று எங்களைத் திட்டிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

ஷவர் வேலை முடிந்தது. தரையோடு தரையாக, வாசலில் ஒரு விரல் மேடுகூட இல்லாமல், தண்ணீர் ஓடுவதற்கு வாட்டமாக டைல்ஸ் பதித்தார்கள். சுவரில் கம்பி, மடக்குப் பலகை, கைக்கு எட்டும் உயரத்தில் குழாய். கதவுக்கு அப்பா ஒரு தனித் தாழ்ப்பாள் செய்து மாட்டினார். அம்மா உள்ளேயிருந்து போட்டுக்கொள்ளலாம். அவசரம் என்றால், லிஃப்ட் கதவைப் போல, வெளியிலிருந்து ஒரு முக்கோணச் சாவியால் திறக்கலாம். சாவியைக் கதவுக்குப் பக்கத்திலேயே ஆணியில் தொங்கவிட்டார். கண்ணாடிக்கடைக்குப் போன் செய்தேன். "அப்பாடா, நாளைக்கே வா" என்றாள் கடைக்கார அக்கா.

முதல் நாள் காலை அப்பா வேலைக்குப் போய்விட்டார். நான் பையை மாட்டிக்கொண்டு, செருப்பும் போட்டுக்கொண்டு, குளியலறைக் கதவருகில் நின்றேன். துண்டு மடியில் இருக்கிறதா, மாற்றுத்துணி கதவுக் கொக்கியில் இருக்கிறதா, போன் எட்டுகிற இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் இருந்தது. அம்மா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள்.

தாழ்ப்பாள் விழுந்தது.

அம்மா தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு குளித்து வருஷக்கணக்காகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. என் கை சாவியைத் தொட்டுப் பார்த்தது. கடை திறக்கும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது. கால் நகரவில்லை.

"அங்கதான் நின்னுக்கிட்டிருக்கியா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"இல்லம்மா."

"இல்லாதவ எப்படிடி பதில் சொல்வா? போ."

வாசற்கதவை வெறுமனே சாத்திவிட்டுப் படியிறங்க ஆரம்பித்தேன். முதல் திருப்பத்துக்கு வரும்போது மேலே தொப்பென்று ஏதோ விழுந்தது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஒரு கால் மேல்படியில், ஒரு கால் கீழ்ப்படியில். மூச்சை அடக்கிக் காதைத் தீட்டினேன். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வேறு சத்தமே இல்லை. ஓடிப்போய்ச் சாவியை எடுக்க மனசு படியேறிவிட்டது.

"சோப்புடீ!" என்று மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது. நாலு பக்கமும் டைல்ஸ் போட்ட அறையிலிருந்து வந்ததால் கட்டடம் முழுக்க எதிரொலித்தது. "வெறும் சோப்பு! படியில நின்னுக்கிட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும்! கெளம்பிப் போறியா, இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்றுதான் அர்த்தம். மேல்படியில் இருந்த காலை எடுத்துக் கீழ்ப்படியில் வைத்தேன்.